கேஜ் முள்ளை நம்பலாமா?

மின்சாரக் காரில் புதுக் கம்ப்ரசர் மாட்டி இரண்டு நாள்தான் ஆகிறது. ஏசியில் வெறும் காற்று. பானட்டைத் திறந்து கேஜின் நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்ட பிறகும் கேஜின் இரண்டு முள்ளும் 97 பிஎஸ்ஐ பக்கம் ஒன்றுபோல நிற்கின்றன. "கேஸ் கரெக்டா இருக்கு சார், கம்ப்ரசர்தான் டூப்ளிகேட்" என்கிறார் மெக்கானிக். அதே வண்டியை அடுத்த ஷெட்டுக்குக் கொண்டுபோனால், "கேஸ் கம்மி, இன்னொரு 100 கிராம் ஏத்தினா சில்லுனு வரும்" என்பார்கள். மின்சாரக் காரைப் பொறுத்தவரை இரண்டுமே சாட்சியை விசாரிக்காமல் எழுதிய தீர்ப்புகள்.

முதலில் அந்த 97. ஆர்134ஏ கேஸ், 30 டிகிரி வெப்பத்தில் சும்மா கிடக்கும்போது காட்டும் அழுத்தமே அதுதான். குழாய்க்குள் கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலே போதும், முள் அங்கேதான் நிற்கும். உள்ளே இருப்பது 150 கிராமா 500 கிராமா என்று அதற்குத் தெரியாது. ஆகவே 'கரெக்ட்' என்பதும் நிற்காது, 'கம்மி' என்பதும் நிற்காது. கேஸை உறிஞ்சி எடுத்து எடை போட்டால்தான் கணக்கு.

இரண்டு முள்ளும் சமமாக நிற்பதிலிருந்து தெரிவது ஒன்றே: கம்ப்ரசர் அழுத்தவில்லை. அது சுற்றவே இல்லையா, சுற்றியும் பயனில்லையா? பெட்ரோல் காரில் பெல்ட்டையும் கிளட்ச்சையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இங்கே இரண்டும் கிடையாது. மூடிய அலுமினியக் கூட்டுக்குள் மோட்டார், பெரும்பாலும் அதன் முதுகிலேயே இன்வெர்ட்டர், பல கார்களில் 350, 400 வோல்ட் மின்சாரம். வண்டியின் கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தால்தான் சுற்றும். ஆரஞ்சு கேபிளின் கனெக்டர் சரியாக உட்காராமல் இருந்தால்கூட அது உத்தரவு கொடுக்காது. ஸ்கேனர் மாட்டிப் பார்க்காமல் புதுப் பொருள்மீது பழி போடுவது அவசரம். டூப்ளிகேட் சரக்கே சந்தையில் இல்லை என்று நான் சொல்லவில்லை; அதைக் கடைசியில் சந்தேகிக்கலாம் என்கிறேன்.

முதல் சந்தேகம் எண்ணெய்மேல் விழ வேண்டும். இந்த மோட்டாரின் செப்புச் சுருள் கேஸிலும் எண்ணெயிலும் ஊறிக்கொண்டே ஓடுவது. அதனால்தான் பெரும்பாலான மின்சாரக் கம்ப்ரசர்களுக்கு, மின்சாரத்தை எளிதில் கடத்தாத பிஓஇ எண்ணெய். பெட்ரோல் கார்களில் பரவலாக இருப்பது பிஏஜி. அது ஈரத்தை இழுக்கும், மின் கசிவுக்கும் வழிவிடும். "ஆயில்ல என்ன சார் இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்" என்ற பேச்சு பெல்ட் கம்ப்ரசர் காலத்தில் பெரிய சேதம் செய்யாமல் தப்பித்திருக்கலாம். இங்கே கொஞ்சம் பிஏஜி கலந்தாலே இன்சுலேஷன் இறங்கிவிடும். ஐ.நா.வின் 100ஆம் எண் வாகன விதி, நேர் மின்சுற்றில் ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம், மாறு மின்சுற்றில் 500 ஓம் தடையாவது வேண்டும் என்கிறது. வண்டியே இதைக் கண்காணிக்கிறது. டொயோட்டா பிரியஸில் பி0ஏஏ6 என்ற கோடு வந்து, உள் எண் 611 என்றிருந்தால் கசிவு ஏசிப் பக்கம் என்று பொருள். சில கார்களில் ஏசி மட்டும் நிற்கும், சிலவற்றில் காரே கிளம்பாது.

பிஏஜியை யாரும் வேண்டுமென்று ஊற்றுவதில்லை. காலையில் ஒரு பெட்ரோல் காருக்குக் கேஸ் ஏற்றிய மெஷினின் குழாயில் தங்கிய எண்ணெயே போதும். கேஸ் கசிவு தேட ஊற்றும் சாயத்தோடும் வரும். அரை மணி நேரம் வாக்குவம் போட்டால் ஈரம் ஆவியாகிப் போகும், எண்ணெய் போகாது. அழுத்தம் சரியாகவே இருக்கும், குளிர்ச்சிகூடச் சில நாள் வரலாம். கேஜில் இந்தக் குற்றத்தின் வாடையே அடிக்காது.

இன்சுலேஷன் தடையை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தால் அகப்படும். அதுவும் மாசற்ற சாட்சியல்ல: வண்டி நெடுநேரம் நின்று திரவக் கேஸ் மோட்டாருக்குள் தேங்கியிருந்தால் அளவு குறைவாகக் காட்டும். கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு அளவு எடுத்து வைத்தால் ஒப்பிட முடியும்.

இன்னொரு கேள்வி: பழைய கம்ப்ரசர் எதனால் செத்தது? உள்ளே தேய்ந்து செத்திருந்தால் உலோகத் தூள் கண்டன்சரின் மெல்லிய துளைகளில் போய் உட்கார்ந்திருக்கும். கழுவி எடுக்க வராது. கண்டன்சரையும் டிரையரையும் மாற்றாமல் போட்ட புதுக் கம்ப்ரசரும் அதே வழியில் போகும். ஓடும்போது லோ பக்கம், அதாவது நீலக் குழாயின் முள், பாதாளத்துக்கு இறங்கினால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். கேஜுக்கு வேலை இருக்கும் இடம் அது.

மெக்கானிக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. ஸ்கேனரும் மெகரும் மின்சாரக் கார்களுக்கென்று தனி கேஸ் மெஷினும் வாங்கச் சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அவை இல்லாத பட்டறை இந்த வேலையைத் தொடக்கூடாது என்பதே என் தீர்ப்பு. பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே ஆரஞ்சு கேபிளைத் தொட வேண்டிய வேலை இது. வீட்டு வாசலில் செய்து பார்க்கவும் கூடாது.

பணம் கொடுக்கும் முன் பில்லில் மூன்றை எழுதித் தரச் சொல்லுங்கள்: ஊற்றிய எண்ணெயின் பெயர், ஏற்றிய கேஸின் கிராம், மெகர் காட்டிய எண்.