காதுக்கு ஒரு கதவு

ஒரு நாவலை எப்படி மதிப்பிடுவது என்று யாராவது கேட்டால், இருபது வருஷப் பழக்கத்தில் ஏதாவது பதில் சொல்லிவிடுவேன். ஒரு ஹெட்போனை எப்படி மதிப்பிடுவது என்று ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். பாட்டு நன்றாகக் கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் கெட்டது. இதில் விமரிசனத்துக்கு என்ன வேலை என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பின்பக்கம் மூடிய ஹெட்போன்கள் இரண்டை விலை கொடுத்து வாங்கி, ஒன்றில் தோற்று, மற்றொன்றில் பாதி ஜெயித்திருக்கிறேன். கதையைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்வது நியாயமாகாது.

எங்கள் வீடு சிறியது. அப்பாவுக்கு வயது 78. ஐம்பது வருஷமாகக் கச்சேரி கேட்டவர். இப்போது காது கொஞ்சம் மந்தம். ஆகையால் பாட்டும் கொஞ்சம் உரக்க. அடுத்த அறையில் என் பெண் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் ஒரு நாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொள்வாள், அவ்வளவுதான். மந்தமான அந்தக் காதில் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது. ஒரு நாள் பாட்டு நின்றுபோயிற்று. “ஏன் அப்பா, இன்றைக்கு ஒன்றும் வைக்கவில்லையா?” என்று கேட்டேன். “கேட்டதெல்லாம் போதும்டா” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போவதில்லை என்று எல்லை கட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டேன்.

ஹெட்போனில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் காதை மூடும் கிண்ணத்தின் முதுகுப்பக்கம் சல்லடையாக இருக்கும். ஜெர்மனியின் ஸென்ஹைஸர் கம்பெனி 1968-இல் ஹெச்.டி. 414 என்று ஒன்றை வெளியிட்டு இந்த ரகத்தைப் பிரபலப்படுத்தியது. சங்கீதம் காற்றோட்டமாகக் கேட்கும். ஆனால் உள்ளே பாடுவது வெளியே கசியும், வெளியே நடப்பது உள்ளே வரும். இரண்டாவது ரகத்தில் முதுகுப்பக்கம் மூடியிருக்கும். எங்கள் வீட்டுக்கு இதுதான் பொருத்தம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் 1958-இல் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்த நாள் முதல், தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பது ஒரு பழக்கமாகவே வளர்ந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் இது கப்பற்படைக்காரர்களுக்கும் ரேடியோ நிலையத்தாருக்கும் உரிய தொழிற்கருவி.

மூடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. உள்ளே அதிர்கிற மெல்லிய தகடு முன்பக்கம் எழுப்பும் அதே ஒலியைப் பின்பக்கமும் எழுப்புகிறது. திறந்த ரகத்தில் பின்பக்கத்து ஒலி போய்த் தொலைந்துவிடும். மூடிய ரகத்தில் அது கிண்ணத்துக்குள்ளேயே மோதித் திரும்பி வரும். பஞ்சு வைத்தும் துளை வைத்தும் அதை அடக்கப் பார்க்கிறார்கள். நன்றாக அடக்கியவன் நல்ல கருவி செய்தவன். அடக்கத் தெரியாதவன் கருவியில் எல்லாமே பானைக்குள்ளிருந்து கேட்கும். கடம் வாசிக்கும்போது அது கூட ஒருவேளை பொருந்தலாம், வாய்ப்பாட்டுக்குப் பொருந்தாது.

கடையில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிஷம். ஐந்தாறு கருவிகளை மாட்டிப் பார்த்தேன். அதில் ஒன்று மற்றவற்றையெல்லாம் தூக்கி அடித்தது. மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் வந்து இடித்தது. “இதுதான் ஸார் எல்லோரும் வாங்குகிறார்கள்” என்றார் கடைக்காரர். நானும் எல்லோரிலும் ஒருவனானேன். கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தலையின் அநுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனிக்குத் தண்டனை கொடுப்பது அழகல்ல.

அப்பா அதை மாட்டிக்கொண்டார். பத்து நிமிஷம் கேட்டார். கழற்றினார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்தத் ‘தானை’ நான் கவனித்திருக்க வேண்டும். மூன்று நாள் அது சுவரில் ஆணியிலேயே தொங்கிற்று. விலை உயர்ந்த சாமான், மகன் ஆசையாக வாங்கி வந்தது. குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நாலாம் நாள் நானே எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு முழுக் கச்சேரியைக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

கடையில் என்னைக் கிறங்க வைத்த தொப்பி, அரைமணி நேரத்தில் தலைவலியாக மாறிவிட்டது. ஒவ்வொரு கும்கியும் வீங்கிப் பரவித் தம்பூராவின் மேலும் பாடகரின் கீழ் ஸ்தாயியின் மேலும் படிந்துகொண்டது. முதல் அத்தியாயத்திலேயே இரண்டு கொலையும் ஒரு தீ விபத்தும் வைத்துவிட்டு, அப்புறம் சொல்ல ஒன்றுமில்லாமல் அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிற நாவல்கள் இருக்கின்றன அல்லவா? இது அந்த ஜாதி. இத்தனை நாவல்களைப் படித்தும் இதைக் கடையில் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது, எது சற்று உரக்கப் பாடுகிறதோ அதுவே நல்லது என்று காது சொல்லிவிடும். இது மனிதக் காதின் சுபாவம். சத்தத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். கடையில் நான் அதைச் செய்யவில்லை. உரத்துப் பேசினவன் ஜெயித்தான்.

சத்தத்தைவிட முக்கியமான விஷயம் அன்று மாலைதான் கண்ணில் பட்டது. அப்பா மூக்குக் கண்ணாடி போடுபவர். காதுக்கு மேலே, கண்ணாடியின் காம்பு படிகிற இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. நாலு நாளைக்கு முன் கேட்ட பத்து நிமிஷத்தில் விழுந்த கோடல்ல அது. நான் வெளியே போயிருந்தபோது எனக்காக மறுபடியும் முயன்று பார்த்திருக்கிறார். அந்தக் கருவி தலையை இடுக்கி மாதிரி பிடித்தது. பிடித்தால்தான் மெத்தை காதோடு ஒட்டும். ஒட்டினால்தான் கீழ் ஸ்தாயி உள்ளே தங்கும். கண்ணாடிக் காம்பு நடுவே புகுந்தால் அங்கே ஒரு சந்து விழுகிறது. அந்தச் சந்து வழியே தொப்பி வெளியே ஓடிவிடும். ஆகவே, இழுத்துப் பிடித்தால் வலி, தளர்த்திப் பிடித்தால் நஷ்டம். சௌகரியம் வேறு, சங்கீதம் வேறு என்று நினைத்திருந்தேன். மூடிய ஹெட்போனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றேதான்.

என் மனைவி மாட்டிப் பார்த்துவிட்டு வேறொரு குறையைச் சொன்னாள். “தோட்டுத் திருகாணி பின்னால் குத்துகிறதுங்க.” ஹெட்போனைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிய அபிப்பிராயங்களைப் படித்தேன். திருகாணியைப் பற்றி ஒருவரும் சொல்லக் காணோம். தலைக்கு எண்ணெய் தடவுகிறவர்களைப் பற்றியும், சென்னை மே மாதத்தைப் பற்றியும் கூட அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. பல கருவிகளுக்குப் போலித் தோல் மெத்தை. வியர்வையும் எண்ணெயும் பட்டால் நாளடைவில் செதில் செதிலாக உரியும். ஜெர்மனியின் பேயர்டைனமிக் கம்பெனியாரின் டி.டி. 770 புரோ போன்ற சிலவற்றுக்குத்தான் வெல்வெட்டு மாதிரித் துணி மெத்தை. துணியில் காது கொஞ்சம் மூச்சு விடும். எப்படியும் மெத்தையைக் கழற்றி வேறு போட முடியுமா, கம்பியைக் கழற்றி மாற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் பணத்தை எண்ணக்கூடாது.

எடையையும் கேட்க வேண்டும். ஆடியோ டெக்னிகா எம் 20 எக்ஸ் சுமார் 190 கிராம். அதே கம்பெனியின் எம் 50 எக்ஸ் சுமார் 285 கிராம். ஸோனியின் எம்.டி.ஆர். 7506, 1991-இல் வந்து இன்னும் ஒலிப்பதிவு நிலையங்களில் உழைக்கிற பழம் பெருச்சாளி. அது சுமார் 230 கிராம். நூறு கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று கையில் வைத்துப் பார்க்கும்போது தோன்றும். ஒரு ராகம் தானம் பல்லவி முடிவதற்குள் கழுத்து பதில் சொல்லிவிடும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவுகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். ஒலி எந்த ஸ்தாயியில் எவ்வளவு எழும்புகிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே காணோம் என்பது அதன் முடிவு. குறைந்த விலைக்காரர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கூடுதல் பணம் உறுதிக்கும் மெத்தைக்கும் போகலாம், விளம்பரத்துக்கும் போகலாம். காதுக்குத்தான் போகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது தடவை கடைக்குப் போனபோது அப்பாவையே அழைத்துக்கொண்டு போனேன். அவர் மூக்குக் கண்ணாடி, அவருக்குப் பழக்கமான பாட்டு, அரைமணி நேரம். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். முதலில் வாங்கியதில் பாதி விலைக்கு, இலேசான, பார்வைக்குச் சாதாரணமான ஒன்றை அவர் பொறுக்கினார். நான் மாட்டிப் பார்த்தேன். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கூர்மை அதிகம். பிடிலின் வில் நாரில் உராய்வது கூடக் கேட்டது. பழைய பதிவுகளில் நாடாவின் இரைச்சல் தூறல் மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. “அப்பா, இது கொஞ்சம் கூச்சலாக இல்லை?” என்றேன்.

“எனக்கு இதிலேதான் சாகித்யம் புரியறது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் விஞ்ஞானி அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததோடு சரி. ஆனாலும் வயதானால் முதலில் மங்குவது மேல் ஸ்தாயி ஒலிகள்தான் என்பதும், ‘ச’வும் ‘த’வும் போன்ற மெய்யெழுத்துக்களின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்த விஷயந்தான். என் காதுக்குக் கூர்மையாக இருந்தது அவர் காதுக்குச் சரியாக இருந்தது. நான் எழுத நினைத்திருந்த தீர்ப்பு ‘கூச்சலான கருவி’ என்பது. அது என் காதைப் பற்றிய தீர்ப்பே தவிர, கருவியைப் பற்றியது முழுக்க அல்ல. ஒரு கருவியை நல்லது என்று சொல்கிறவர் தமக்கு என்ன வயது, எவ்வளவு நேரம் கேட்டார், கண்ணாடி போடுபவரா, எந்தச் சங்கீதத்தைக் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அப்போது நாமே கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

அந்தக் கருவிக்கும் குறை உண்டு. கம்பி மிக நீளம். இரண்டு தடவை காலில் மாட்டியிருக்கிறது. மிருதங்கத்தின் இடது பக்கம் கொஞ்சம் ஏழ்மைதான். பழைய கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ ஆதலால், அரியக்குடி ராமாநுஜய்யங்காரும் பக்கவாத்தியக்காரர்களும் சரியாக மண்டைக்கு நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்கிறார்கள். இது எந்த ஹெட்போனிலும் அப்படித்தான். அதைக் கருவியின் குற்றமாக எண்ணக்கூடாது.

அப்பா விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் எடுத்துக்கொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். மூடிய ஹெட்போனின் உண்மையான புண்ணியம் இங்கேதான் இருக்கிறது. வெளிச் சத்தத்தைத் தடுப்பதால் பாட்டை உயர்த்த வேண்டிய அவசியம் குறைகிறது. எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தடுக்கும் என்று மட்டும் நம்பிவிடக்கூடாது. மின்விசிறியின் கீழ்ச்சுருதி உறுமல் ஓரளவு உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். குக்கர் விசில் மாதிரி மேலான சத்தம்தான் நன்றாகத் தடைபடும். பாட்டும் ஓடினால் காணாமலே போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் காவல் வைத்துவிட்டு மனைவி கடைக்குப் போயிருந்தபோது துவரம்பருப்பு எப்படித் தீய்ந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது அப்பா தினம் மாலை இரண்டு மணி நேரம் கேட்கிறார். ஆணியில் தொங்குவது முதல் கருவி. இரண்டாவதுக்கு ஆணி தேவைப்படவில்லை. என் பெண் கதவைச் சாத்துவதில்லை.

ஆனால் பாதி ஜெயித்தேன் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, மீதிப் பாதி இதுதான். முன்பெல்லாம் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து தோடி வரும், காம்போதி வரும். நான் கேட்பதாகவே நினைத்ததில்லை. இப்போது கூடத்தைத் திரும்பிப் பார்த்தால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வலது கை தொடையில் விழுகிறது. ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம் என்று தெரிகிறது. என்ன பாட்டு என்று தெரியவில்லை. வீடு முழுவதும் நிசப்தமாக இருக்கிறது.

நேற்று என் பெண் புத்தகத்தை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். “தாத்தா என்ன கேட்கிறார், அப்பா?” என்றாள். தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்த அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கூடத்தில் எல்லோரும் கேட்கும்படி பாட்டு வைக்க வேண்டும் என்று அவளேதான் சொன்னாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.