இறக்காமக் குளத்திலிருந்து தொடங்கும் பாடம்: வீட்டில் வரலாறு படிப்பித்தல்

அம்பாறை மாவட்டத்து வரிப்பத்தான்சேனையில் வளரும் பிள்ளையைச் சுற்றி, இன்னும் தீராத வரலாறு கிடக்கிறது. பக்கத்தில் இறக்காமக் குளம். வயல்களைத் தாண்டினால் தீகவாபித் தாதுகோபம். சத்தாதிஸ்ஸ மன்னன் அதைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கட்டியதாக மகாவம்ச மரபு சொல்கிறது. 2016 ஒக்டோபரில் மாணிக்கமடு மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைக்கப்பட்ட நாளிலிருந்து, அந்த மலை யாருடையது என்ற பேச்சு இந்தப் பகுதி வீடுகளுக்குள் வந்துவிட்டது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தது. அமைந்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. இங்கே வரலாறு காணியோடும் தண்ணீரோடும் சேர்ந்தே பேசப்படுகிறது. அதனால், ஒரு பிள்ளைக்கு வரலாற்றை எந்த ஒழுங்கில், எந்த நூல்களை வைத்துப் படிப்பிப்பது என்பது பரீட்சைப் புள்ளிகளோடு முடிகிற விஷயமில்லை.

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே இந்தப் பகுதி ஊர்களில் வீட்டுக் கல்வி என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து ஓடும் இரண்டாவது பாடமாகத்தான் இருக்க முடியும். 2020, 2021இல் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது பல உம்மாமார் அதை வேறு வழியின்றித் தொடங்கினார்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அப்போது வழி தெரிந்தது. வரலாற்றுக்குப் பாடநூலை வாசிக்கச் சொல்வதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

பாடநூலைக் குறை சொல்லி ஒதுக்க நான் விரும்பவில்லை. 1972இன் கல்விச் சீர்திருத்தம் வரலாற்றைச் சமூகக் கல்விக்குள் கரைத்தது. 2000களின் நடுப்பகுதியில்தான் அது மீண்டும் தனிப்பாடமாகி, சாதாரண தரத்தில் கட்டாயமானது. இன்றைய தரம் 6 முதல் 11 வரையான நூல்களில் ஒரு காலவரிசை இருக்கிறது: அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி, மேலைத்தேயத்தார் வருகை, பிரித்தானியர் ஆட்சி, சுதந்திரம், இடையில் மறுமலர்ச்சியும் கைத்தொழில் புரட்சியும் உலக யுத்தங்களும். அந்த வரிசை பயனுள்ளது. ஆனால் கிழக்குக் கரை முஸ்லிம்கள் அதில் சில பந்திகளாகவே வந்து போகிறார்கள். நம்மவர் எழுதிய நூல்களிலோ நாம் நிறைய இருக்கிறோம், வரிசைதான் இல்லை. எந்த வயதில் எதை எடுப்பது என்று யாரும் அடுக்கித் தரவில்லை.

அமெரிக்காவில் வீட்டுக் கல்விக்காரரிடையே பரவிய ஒரு முறை உண்டு. ஜெஸ்ஸி வைஸும் அவர் மகள் சூசன் வைஸ் பௌயரும் 1999இல் எழுதிய நூல், உலக வரலாற்றைப் பண்டைக்காலம், இடைக்காலம், நவீன காலத்தின் தொடக்கம், நவீன காலம் என நான்கு வருடங்களுக்குப் பிரித்து, 12 வருடங்களில் அதே வட்டத்தை மூன்று தடவை சுற்றி வரச் சொல்கிறது. முதற் சுற்றில் கதை, கடைசிச் சுற்றில் மூல நூல்கள். இங்கிலாந்தின் சார்லொட் மேசன் (1842–1923) வழி வந்தவர்கள், நூற்றாண்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய கொப்பி ஒன்றைப் பிள்ளை வருடக்கணக்கில் தானே நிரப்பும்படி செய்தார்கள். இந்த இரண்டையும் நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு, ஒவ்வொரு முறையும் கூடிய கேள்விகளோடு வருவது நல்ல முறை. ஆனால் நம்முடைய வட்டம் சுமேரியாவில் தொடங்க வேண்டியதில்லை, இறக்காமக் குளக்கட்டில் தொடங்கலாம்.

சின்ன வயதுக்கு நூல் அதிகம் தேவையில்லை. மூத்தம்மாவிடம் ஒரு சம்பவத்தைக் கேட்டால், வருடம் சொல்ல மாட்டார். பெரிய வெள்ளத்துக்கு முந்தியா, சூறாவளிக்குப் பிந்தியா என்றுதான் சொல்வார். வெள்ளம் 1957 டிசம்பர், சூறாவளி 1978 நவம்பர் 23, சுனாமி 2004 டிசம்பர் 26. இந்த மூன்றையும் ஒரு நீளக் கடதாசியில் குறித்து, குடும்பத்தின் பிறப்பு, கலியாணம், வயல் வாங்கியது, வீடு கட்டியது எல்லாவற்றையும் அவற்றுக்கு நடுவே ஒட்டினால், முன், பின், அதே காலம் என்ற உணர்வு பிள்ளைக்கு வந்துவிடும். எட்டு வயதுக்கு அது போதும்.

இடைநிலை வகுப்புகளில் கல்லைக் காட்ட வேண்டும். அம்பாறைக்கு அருகே கொண்டவட்டுவானில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, உழவில் தவறுகிறவருக்கு விதிக்கும் தண்டங்களைப் பேசுகிறது. வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த விஷயம் உடனே பிடிபடும். வயல்வெளியின் தண்ணீர்ப் பொறுப்பாளரான வட்டைவிதானை கூட்டம் கூட்டி விதைப்புத் திகதி குறிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரசும் இதே தண்ணீர்ப் பிரச்சினையைத்தான் கையாண்டது என்று தெரிந்தபின், பாடநூலின் நீர்ப்பாசன அத்தியாயம் அதற்கு வேறு மாதிரி வாசிக்கும். அடுத்து, 1344இல் புத்தளப் பக்கம் கரையேறி, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்கு (சிவனொளிபாத மலைக்கு) போன பயணி இபுனு பதூதா. அதற்கடுத்து, காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்ட அந்தக் கல்லில், சீனத் தளபதி செங் ஹோவின் காணிக்கைகள் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் உரியனவாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கொழும்புக்குப் போகும் எந்தக் குடும்பமும் பிள்ளையை அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

தரம் 9, 10 அளவில் தொடங்குவதுதான் இந்தப் பாதையின் நடுத்தூண்: நாம் எப்படி இங்கே வந்தோம் என்ற கேள்வி. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தச் செய்திக்கு ஆதாரம் பெர்னாவோ டி குவெய்றோஸ் என்ற போர்த்துக்கேயக் கிறிஸ்தவத் துறவி. அவர் கோவாவில் இருந்து, சம்பவம் நடந்து அறுபது வருடமளவில் எழுதி முடித்தார், இலங்கைக்கு வந்தவரல்லர். மறுபுறம், முக்குவர், திமிலர் என்ற இரு சமூகத்தாருக்கும் நடந்த போரில், முஸ்லிம்களான பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்று, அவர்களிடம் பெண் எடுத்து இங்கேயே தங்கினார்கள் என்ற வாய்மொழி மரபு. இந்தக் கரையின் தாய்வழிக் குடிமுறைக்கும், வீடும் காணியும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதற்கும் அந்தக் கதையையே காரணம் காட்டுவோரும் உண்டு. அக்கரைப்பற்றில் பல காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, தம் 2008ஆம் ஆண்டு நூலில் தமிழர், முஸ்லிம் இரு பகுதியாரின் குடிமுறையையும் பக்கம் பக்கமாக வைத்து ஆராய்கிறார்.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இரண்டையும் கொடுத்து, யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரிந்தது, அதைச் சொல்வதால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும். வரலாற்றுப் பாடம் என்று நான் சொல்வது இந்த நான்கு கேள்விகளைத்தான். ஊருக்குப் பிடித்த கதையிடமும் அவற்றைக் கேட்கப் பழகிய பிள்ளைக்கே, நாளை நம் காணியைப் பற்றி இன்னொருவர் சொல்லும் கதையிடம் அவற்றைக் கேட்கும் தகுதி வரும்.

இதே பயிற்சிக்கு 19ஆம் நூற்றாண்டு ஒரு சோடியைத் தந்திருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை படித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதி அறபு வம்சாவளியை நிறுவ முயன்றார். சட்டசபையில் முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் 1889இல் வந்தது என்பதையும் அருகே வைத்தால், இனவியல் வாதத்துக்குள் அரசியல் இருப்பது தெரியும். இன்னொருவரின் சார்பு மட்டுமில்லாமல் நம்மவரின் சார்பும் தெரியும். அந்தக் காலத்தின் மற்ற முகத்துக்கு, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பையும், 1883 முதல் இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த எகிப்தின் ஒறாபி பாஷாவும். உள்ளூருக்கு, ஹென்றி வார்ட் ஆளுநராக இருந்த 1850களில் இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டதும், 1856இன் நீர்ப்பாசனச் சட்டமும்.

20ஆம் நூற்றாண்டுக்குள் நுழைய ஏ.எம்.ஏ. அஸீஸை விட நல்ல வாசல் இல்லை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். யுத்தகால உணவு உற்பத்திக்காக 1942இல் கல்முனைக்கு வந்தவர், இந்தக் கரையின் வறுமையையும் கல்விக் குறைவையும் கண்டார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளோடு நட்புக் கொண்டார். 1945இல் முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவினார். அவருடைய ‘இலங்கையில் இஸ்லாம்’ (1963) உயர்தர மாணவர் வாசிக்கக்கூடிய தமிழ். கூடவே வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இருக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் தம்மை எப்படிச் சொல்கிறார் என்று வாசிக்காமல் நம்மைப் பற்றிய பாடம் முடியாது.

பிறகு கடினமான பகுதி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், 1956 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த வன்செயல், 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது, 1981இல் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முஸ்லிம் கட்சி தொடங்கியது, 1990. அந்த வருடம் ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 12இல் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பல வீடுகளில் இவற்றில் சில மட்டுமே சொல்லப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே கிழமையில், ஒரே கொப்பியில், திகதி வரிசையில் எழுத வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தரம் 11க்கு முன்னால் வேண்டாம். அதற்குப் பிந்தவும் வேண்டாம், ஏனென்றால் அதற்குள் முகநூல் சொல்லிக் கொடுத்துவிடும். அதே மாதத்தில் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட கல்லோயா பற்றிய நூலிலிருந்தும் ஒரு பகுதியை எடுக்கலாம். 1980களின் தொடக்கத்தில், தண்ணீர் தட்டான போகத்தில், இடதுகரை வாய்க்காலின் மேற்பகுதி விவசாயிகள் கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் விட்ட செய்தி அதில் இருக்கிறது. மேலே சிங்களவர், கீழே தமிழ் பேசுவோர்.

உயர்தரத்தில் பல பிள்ளைகள் வரலாற்றை விட்டு இஸ்லாமிய நாகரிகத்தை எடுக்கிறார்கள். பிரச்சினை இல்லை, அதற்குள் இபுனு கல்தூன் இருக்கிறார். வீட்டில் மட்டும் ஒரு வேலை மிஞ்சும். சாய்ந்தமருதின் எஸ்.எச்.எம். ஜெமீல் தொகுத்த ‘சுவடி ஆற்றுப்படை’யையும், 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தையும் துணைக்கு வைத்து, தங்கள் வயல் கிடக்கும் வட்டையின் வரலாற்றை 3000 சொல்லில் பிள்ளை எழுத வேண்டும். உறுதி, போமிட், பள்ளிவாசல் பதிவுப் புத்தகம், கமக்கார அமைப்பின் கூட்டக் குறிப்பு, மூத்தம்மா சொன்னது: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எது ஆதாரம் என்று ஓரத்தில் குறித்து. பெயர் வைத்த ஆதாரம் இல்லாத வாக்கியத்தை வாப்பா சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.