வெண்மணியை எந்த எழுத்தில் தேடுவது?

போன மாதம் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு ஒரே வேலைதான். கீழத்தஞ்சையின் பண்ணையாள் முறை பற்றி சமூக அறிவியல் ஆய்விதழ்களில் என்னவெல்லாம் வந்திருக்கிறது என்று நூலகத் தரவுத்தளங்களில் துழாவுவது. எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராத என்னைப் போன்ற ஆளுக்கு, ஜேஸ்டோரில் தனிநபர் கணக்கு வைத்து மாதம் 100 கட்டுரை வரை இலவசமாகத் திரையில் படிக்க முடிவதே பெரிய வரம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் புகார் எந்த ஒரு தளத்தின் மீதும் இல்லை. பொதுவாகத் தேடல் பெட்டி என்ற அந்தச் சமாச்சாரத்தின் மீதுதான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித் விவசாயக் கூலிகள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சரி, இந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி அடிப்பீர்கள்? ழகரத்துக்கு 'எல்' போடுபவர் உண்டு, 'இசட்எச்' போடுபவர் உண்டு. முதல் அசைக்கு ஒற்றை 'ஐ'யா, இரட்டை 'ஈ'யா? 'கீழ்'வெண்மணியா, 'கீழ'வெண்மணியா? வெறும் 'வெண்மணி' என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் 1973ல் வந்த முக்கியமான கட்டுரையில் 'எல்' போட்ட 'கீழ்'வெண்மணி. 'இசட்எச்' போட்டுத் தேடுகிறவருக்கு அது கண்ணில் படாமலே போகலாம். படவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. அதுதான் மோசம். 'முடிவுகள் இல்லை' என்று திரையில் வந்தால், யாரும் எழுதவில்லை என்றுதானே நினைத்துக்கொள்வோம்?

மாவட்டத்தை வைத்துத் தேடலாமே என்றால் அதிலும் வம்பு. பழைய ஆட்கள் 'டாஞ்சோர்' என்பார்கள், பிறகு வந்தவர்கள் 'தஞ்சாவூர்', அதிலும் 'எச்' போட்டும் போடாமலும். 1991ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. அதற்குப் பிறகு எழுதியவர்களுக்கு வெண்மணி நாகை மாவட்டம்.

ஒலியை வைத்துப் பொருத்தலாமே என்று என் தொழில்புத்தி சொன்னது. சவுண்டெக்ஸ் என்று 1918ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய உத்தி ஒன்று உண்டு. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே குறியீடு கொடுக்கும். கையாலேயே போட்டுப் பார்த்தேன். 'எல்' போட்ட வெண்மணிக்கு கே-415, 'இசட்எச்' போட்டதற்கு கே-215. டாஞ்சோருக்கு டி-526, தஞ்சாவூருக்கு டி-521. அமெரிக்கக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்ததிடம் ழகரத்தை எதிர்பார்த்தது என் தப்புதான். இதற்கு இயந்திரக் கற்றல் எல்லாம் வேண்டாம், மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்று போதும். பழைய நூலக அட்டைப் பெட்டிகளில் 'இந்தப் பெயருக்கு அந்த அட்டையைப் பார்க்க' என்று ஒரு அட்டை சொருகியிருக்குமே, அதேதான். நூலகர்கள் எப்போதோ தீர்த்துவைத்ததை நாம் கணினிக்கு மாற்றும்போது தொலைத்திருக்கிறோம்.

இன்னொன்று. எல்லாத் தளங்களும் கட்டுரை முழுவதையும் தேடுவதில்லை. சில தளங்கள் தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்களோடு நிறுத்திக்கொள்ளும். 1960களின் கட்டுரைகள் பலவற்றுக்குச் சுருக்கமே கிடையாது. 'தமிழ்நாட்டில் விவசாய உறவுகள்' மாதிரி பொத்தாம்பொதுவான தலைப்பு இருந்தால் உள்ளே வெண்மணி பற்றிப் பத்துப் பக்கம் இருந்தாலும் சிக்காது.

முழுப் பாடத்தையும் தேடினாலும் சிக்காத ஊர்கள் உண்டு. ஆந்த்ரே பெத்தேய் 1965ல் வெளியிட்ட புத்தகத்தின் 'ஸ்ரீபுரம்', கேத்லீன் கவ் எழுதிய 'கும்பப்பேட்டை' இரண்டும் புனைபெயர்கள். தன் ஊரைப் பற்றிய ஆய்வைத் தேடும் அந்த ஊர்க்காரருக்கு, ஊரின் நிஜப் பெயர் உதவவே உதவாது. தகவல் தந்தவர்களைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு, நியாயமானதுதான். ஆனாலும் உறுத்துகிறது.

எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான கட்டுரை தேடலில் வரவேயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவில் அடிமை முறையும் விவசாயக் கொத்தடிமையும் பற்றி பெனடிக்டே யெய்லே 1967ல் எழுதியது. வெளிவந்த இடம் ஸ்காண்டிநேவியன் எகனாமிக் ஹிஸ்டரி ரிவ்யூ! தஞ்சாவூர் அடிமைகளை யாராவது ஸ்காண்டிநேவியாவில் போய்த் தேடுவார்களா? ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பு கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனது. அதற்குப் பிறகு என் முறையையே மாற்றிக்கொண்டேன். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் அடிக்குறிப்புகளை முழுக்க மேய்வது. அப்புறம் கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவர்களைப் பார்ப்பது. முன்னால் ஒரு தலைமுறை, பின்னால் ஒரு தலைமுறை.

கட்டுரை இருப்பது தெரிந்தாலும் படிக்க முடியுமா என்பது வேறு கதை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்வி, ஆய்வு நிலையங்களில் இருப்பவர்களுக்குக் கதவு திறக்கும். வரி கட்டும் நான் வெளியே.

இப்போதைக்கு என்னிடம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி. அடைப்புக்குறிக்குள் அத்தனை எழுத்துக்கூட்டல்களும், நடுநடுவே பெரிய எழுத்தில் 'ஆர்'. வெண்மணிக்கு மட்டும் ஏழு வடிவங்கள். எட்டாவது ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.