யார் வீட்டுப் பெண்?

மணல்வெளி. மண்ணில் பாதி புதையுண்ட பழைய வீடு. வானிலே இரண்டு ஞாயிறுகள். போர் முடித்து வந்த இளநங்கை ஒருத்தி அங்கே நிற்கிறாள். அவ்வழியே செல்லும் கிழவி, நீ யாரம்மா என்று கேட்கிறாள். ரே என்கிறாள் நங்கை. கிழவிக்கு அது போதவில்லை. எந்த ரே? எந்தக் குடும்பத்து ரே? நங்கை திரும்பிப் பார்க்கிறாள். மறைந்துபோன ஆசான்கள் லூக்கும் லியாவும் ஒளியுருவாய் நின்று புன்னகைக்கின்றனர். அவர்தம் குடும்பப் பெயரையே தன் பெயராகச் சொல்கிறாள்: ரே ஸ்கைவாக்கர்!

1977இல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிவைத்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிக் காவியம், ஒன்பது படங்களாய் வளர்ந்து, 42 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில் வெளிவந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தில் இவ்விதம் முடிவுற்றது. கண்டோம், களித்தோம், கண்ணும் கலங்கினோம். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் நெஞ்சிலே ஏதோ நெருடிற்று.

பகுத்தறிவு பேசும் நீங்கள் மாய ஆற்றலும் ஆவியுருவும் மலிந்த படத்தை மனமுவந்து பார்ப்பதா என்று நண்பர் சிலர் நகைப்பர். கற்பனையைக் கற்பனை என்று அறிந்தே சுவைக்கிறோம், அதில் இழுக்கில்லை. நமது வழக்கு வேறு.

2017இல் ரையன் ஜான்சன் இயக்கிய 'தி லாஸ்ட் ஜெடை' படத்தை எண்ணிப் பாருங்கள். ரேயின் பெற்றோர் யார்? இரண்டாண்டுக் காலம் ரசிகர் உலகம் இக்கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தது. லூக்கின் மகளோ, வேறெந்த மாவீரனின் வாரிசோ என்று ஆரூடங்கள் ஆயிரம்! ஜான்சன் தந்த விடையோ ஒரே அடி. அவள் எவர் வீட்டுப் பெண்ணும் அல்லள். பெற்றோர் பழைய இரும்பு பொறுக்கி விற்றோர். குடிக்கக் காசு வேண்டிக் குழந்தையை விற்றோர். அத்தகையோர் மகளிடத்தே அண்டத்தை அசைக்கும் ஆற்றல்! அப்படத்தின் இறுதியிலே குதிரைலாயத்துக் கூலிச் சிறுவன் ஒருவன், கையால் தொடாமலே துடைப்பத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறான். பெயரற்ற சிறுவன். அவன் விண்மீனை நோக்கி நின்றபோது நாம் இருக்கையிலே நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

2019இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் அந்த விடையை மாற்றி எழுதினார். ரே, பேரரசன் பால்பட்டைனின் பேத்தியாம்! அவள் பெற்றோர் எளியோராக வாழ்ந்ததும் மகளைக் காக்க மேற்கொண்ட வேடமாம்! துடைப்பச் சிறுவனோ இப்படத்தில் எட்டியும் பார்க்கவில்லை.

இதற்கும் ஓர் எதிர்வாதம் உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கொடுங்கோலன் குருதியில் பிறந்தவள் அக்குருதியை உதறிவிட்டு, தன்னை வளர்த்த அன்பின் பெயரைச் சூடிக்கொள்கிறாளே, பிறப்பைக் குணம் வென்றதாக இது ஆகாதா என்பர். ஆகும். பாதி ஆகும். அவளது நற்குணம் அவளுடையது என்கிறது படம். அவளது வலிமையோ பாட்டன் தந்த சொத்து என்கிறது. அந்தப் பாதிதான் நம்மை உறுத்துகிறது. தாத்தா பெயர் தெரிந்த பிறகே அவள் திறமைக்குக் காரணம் விளங்கிற்று என்றால், இரும்பு பொறுக்கியின் மகளுக்கு அத்திறமை வாய்க்காது என்றல்லவா பொருள்?

ஏப்ரம்ஸ் ஒருவர் மீதே பழி போடுவதும் நேர்மையாகாது. 1980இலேயே, வில்லன் வேடரே கதைத்தலைவன் லூக்கின் தந்தை என்று சொல்லிக் குடும்பக் கதைக்கு வித்திட்டவர்கள் இவர்கள். 1999இல் லூகாஸ் அடிமைச் சிறுவன் ஒருவனைக் காட்டினார், உள்ளம் மகிழ்ந்தது. மறுகணமே அவன் குருதியைச் சோதித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை எண்ணி ஆற்றலை அளக்கச் செய்தார்! 2017இல் திறந்தது கதவு என்றால், அதற்கு முன்பும் அது மூடியேதான் இருந்தது.

வியப்பு என்னவெனில், 2019 படத்துக்குள்ளேயே அந்தக் கதவு மறுபடி ஒருமுறை திறக்கிறது. போர் தோற்கும் நேரம். உதவிக்கு ஆளில்லை. திடீரென வானமெங்கும் கப்பல்கள்! சரக்குக் கப்பல், ஓட்டை உடைசல் கப்பல், எண்ணற்ற கப்பல்கள். பகைவரின் படைத்தலைவன், இவர்களுக்கு ஏது கடற்படை என்று திகைக்கிறான். படையன்று, வெறும் மக்கள் என்கிறான் அருகிலிருப்பவன். ஆகா! ஒன்பது படங்களிலும் இதற்கு ஈடான காட்சி நாம் கண்டதில்லை. அந்த மக்களை அத்தனை சிறப்பாய் அழைத்து வந்துவிட்டு, இறுதி வெற்றியை மட்டும் பாட்டனுக்கும் பேத்திக்கும் நடுவே வைத்துவிட்டார்களே!

ஃபின் என்னும் பாத்திரத்துக்கு நேர்ந்ததும் அதுவே. பெற்றோரிடமிருந்து பிடுங்கப்பட்டு, பெயருக்குப் பதில் எண் சூட்டப்பட்டு, சுட மறுத்து ஓடிவந்த வீரன். இப்படத்தில், அவனைப் போலவே மக்களைச் சுட மறுத்துத் துப்பாக்கியைக் கீழே வைத்த ஒரு கூட்டத்தையே சந்திக்கிறான். எத்துணைப் பெரிய கரு! சில நிமிடங்களில் கடந்துபோகிறது. வெள்ளையரல்லாத பாத்திரங்களை விளம்பரத்தில் முன்னிறுத்திவிட்டுக் கதையில் ஓரங்கட்டினர் என்று, ஃபின்னாக நடித்த ஜான் போயேகா 2020இல் பேட்டியளித்தபோது, நமக்கு அது புதுச் செய்தியாக இல்லை.

குறைகளுக்கு ஒரு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். லியாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016இல் மறைந்தார். முன்பே எடுத்து ஒதுக்கிய துண்டுக் காட்சிகளைக் கொண்டே அவரை நடமாடவிட்டனர். அந்த இடங்களில் குறை காண நமக்கு மனம் வரவில்லை. ஜான் வில்லியம்ஸின் இசைக்கோ குறையே இல்லை.

அண்மையில் மறுபடியும் பார்த்தோம். மக்களின் கப்பல்கள் வானை நிறைத்தபோது மறுபடியும் மெய்சிலிர்த்தது. மணல்வெளிக் கிழவி பெயர் கேட்டபோது, ரே என்பதோடு நிறுத்திக்கொள் பெண்ணே என்று இம்முறை வாய்விட்டே சொன்னோம். அவள் கேட்கவில்லை.