செய்தி நறுக்குகளும் அங்கதமும்: அசோகமித்திரனின் ஜெமினி நினைவுகள்

சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் 1952 முதல் 1966 வரை மக்கள் தொடர்புப் பணியாற்றிய அசோகமித்திரன் (1931–2017), அதன்பின் எழுத்தையே முழுநேரப் பணியாகக் கொண்டார். அக்காலத்தை அவர் ஆங்கிலத்தில் நினைவுகூர்ந்த நூல் 'மை இயர்ஸ் வித் பாஸ்'. அவரது நகைச்சுவையை நடுத்தர வர்க்க மனநிலையின் வெளிப்பாடாகக் கொள்வதுண்டு. செய்தித்தாள் நறுக்குகளைத் தொகுத்த மேசையில் உருவான நோக்கு அது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

விளம்பரம் சிறியதைப் பெரிதாக்கும். ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ். வாசன் விளம்பர முகவராகத் தொழில் தொடங்கியவர். 'சந்திரலேகா'வுக்கு (1948) அவர் செய்த விளம்பரம் நாடெங்கும் பேசப்பட்டது. அசோகமித்திரன் அங்குக் கற்றதோ இதற்கு எதிரான கலை. ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரின் வருகை, வந்தவர் யார், ஏன் வந்தார் என்றறியாத ஊழியர்களின் திகைப்பாக அவரிடம் சுருங்குகிறது. நாள்முழுதும் தாள் கிழிக்கும் தம்மைப் பிறர் வேலையற்றவராகக் கருதியதையும் அவர் மறைப்பதில்லை.

நடிகை ஒருவரின் திரைவாழ்வு முடியக் காரணமான கதை இலாகா வழக்கறிஞர், அவ்விலாகா மூடப்பட்டபோது தாமும் வேலையிழக்கிறார். நகை இங்கு இரக்கமாகிறது. திரையுலகச் சரிவைக் கூறும் 'கரைந்த நிழல்கள்' நாவலில் இதே பார்வை நகையின்றித் தொடர்வது ஒப்புநோக்கத்தக்கது.

எனினும், ஊழியரை நுணுகி அளந்த அங்கதம் முதலாளியை அணுகுங்கால் மரியாதையாக மெலிகிறது. இது நூலின் குறையே. ஆயின், ஊதியம் பெற்றவரின் தயக்கத்தை ஒளிக்காமல் பதிவுசெய்வதால், அக்குறையும் சான்றாகிறது எனலாம்.