பெட்டிக்குள் இல்லாத வசனங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் கவிழ்த்துவைத்த சின்னச் சின்ன அட்டைகள். கையில் அகப்பட்டதை எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கிற வசனம்தான் பிறக்கப்போகும் ஆண்டுக்கு ஆண்டவர் அந்த ஆளுக்கென்று கொடுத்த வாக்குத்தத்தம். சில சபைகளில் ஐயரோ பாஸ்டரோ சபை முழுவதற்கும் ஒரே வசனத்தை அறிவிப்பார். மாதம் பிறந்தால் மாத வாக்குத்தத்தம் தனி. சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கரிசல் காட்டில் கிடக்கும் குருவிகுளம் வட்டாரத்திலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, இந்த வசனங்கள் நிலைவாசலுக்கு மேலே, ஆட்டோவின் கண்ணாடியில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆண்டு முழுவதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பொய்க்கும் மழை, வாரந்தோறும் கட்ட வேண்டிய குழுக் கடன், குடித்துவிட்டு வரும் கணவன், அடக்க முடியாத கோபம், ஜெபித்தும் விடியாத ராத்திரி என்று அன்றாடம் வருகிற போராட்டங்களுக்கு இந்த வழக்கம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது?

துணை நிற்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவிக்குரிய போராட்டம் என்பது பெரும்பாலும் பெரிய தத்துவச் சந்தேகமாக வருவதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைத்துக்கொண்டிருக்கும்போது, நாளைக்குத் தவணை கட்டப் பணமில்லை என்ற நினைப்பாக வருகிறது. அந்த நேரத்தில் வேதாகமத்தைப் புரட்ட முடியாது. மூன்று குறிப்புள்ள பிரசங்கமும் ஞாபகத்துக்கு வராது. வருவது ஒற்றை வரி. ஜான் பன்யனின் மோட்ச பிரயாணத்தில் (1678) நம்பிக்கையின்மை என்னும் அரக்கனின் கோட்டைக்குள் கதாநாயகன் கிறிஸ்தியான் நாட்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறான். கடைசியில் தன் மார்புக்குள்ளேயே ஒரு சாவி இருப்பது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. அந்தச் சாவியின் பெயர் வாக்குத்தத்தம். அந்தக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் (1894) பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நெல்லைச் சீமைக்காரர். ஆகவே, வசனத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது நேற்றைக்கு வந்த மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

படித்தவர்கள் இதன்மேல் சுமத்தும் வழக்கமான குற்றச்சாட்டு வேறு: இது கிளி ஜோசியத்துக்கும், கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் ஞானஸ்நானம் கொடுத்த வடிவம் என்பது. இந்தக் கேள்வி சபைக்குப் புதிதல்ல. 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் புத்தகத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ரோமர் 13-ஆம் அதிகார வரிகளால் மனம் திரும்பியவர் அகஸ்டின். அவரே 400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யனுவாரியு என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைக் கொண்டு சீட்டுப் பார்ப்பவர்களைப் பற்றிப் பேசுகிறார். பேய்களிடம் குறி கேட்க ஓடுவதைவிட இது மேல், ஆனாலும் உலகக் காரியங்களுக்கு இப்படிப் பயன்படுத்துவது தனக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் நிலை. நிதானமான தீர்ப்பு. யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது அப்போஸ்தலரும் சீட்டுத்தான் போட்டார்கள். எடுக்கிற முறையை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள் என்பேன். குற்றம் அட்டையை எடுக்கும் கையில் இல்லை. பெட்டியை நிரப்பிய கையில் இருக்கிறது.

பெட்டிக்குள் எவை இருக்கின்றன என்று பாருங்கள். உபாகமம் 28:13 கட்டாயம் இருக்கும்: வாலாக்காமல் தலையாக்குவதைப் பற்றிய வசனம். அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களோடு முடிகிறது. 15 முதல் 68 வரை 54 வசனங்கள் சாபம். ஆசீர்வாதமும் கீழ்ப்படிதல் என்னும் நிபந்தனையோடுதான் வருகிறது. அட்டையில் அந்த நிபந்தனைக்கு இடம் கிடைப்பது அபூர்வம். எரேமியா 29:11-இன் கதை இன்னும் விசித்திரம். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தின வசனத்தில் காலக்கெடு இருக்கிறது: எழுபது வருடம். கடிதத்தைப் பெற்றவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப் போவதில்லை என்று பொருள். அதனால்தான் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று கடிதம் சொல்கிறது. இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்கு இனிப்பாகச் சொன்னவன். குறுகிய தவணை வைத்த அந்த வாக்குறுதியை மறுத்து எழுதிய கடிதத்தின் வரியைத்தான் நாம் பன்னிரண்டு மாதத் தவணை போட்டு விநியோகிக்கிறோம்.

இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எதுவரைக்கும் என்று கேட்கும் 13-ஆம் சங்கீதம், விடிவே இல்லாமல் இருளில் முடியும் 88-ஆம் சங்கீதம் போன்றவை எந்த அட்டையிலும் ஏறுவதில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்காமல் இருந்ததற்குக் கிடைத்த பதில், கிருபை போதும் என்ற 2 கொரிந்தியர் 12:9. அட்டையில் பதில் இருக்கும். முள் இருக்காது, மூன்று தரம் வேண்டியதும் இருக்காது.

இதன் விளைவு ஜனவரியில் தெரியாது, ஆடி ஆவணியில் தெரியும். ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற மானாவாரிக் காட்டில், தலையாக்குவேன் என்ற அட்டையை எடுத்தவர் கடன்காரராகவே நிற்கும்போது அவருக்கு இரண்டே வழி தெரிகிறது: ஆண்டவர் சொல் தவறினார், அல்லது என் விசுவாசம் போதாது. முதலாவதைச் சொல்லப் பயம். ஆகவே இரண்டாவது. உள்ள பாரத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. போராட்டத்துக்குத் துணையாகக் கொடுத்த வசனம் போராட்டத்தின் இன்னொரு முனையாகிவிடுகிறது. எத்தனையோ பேருக்கு நிறைவேறியிருக்கிறதே, சாட்சி சொல்கிறார்களே என்று கேட்கலாம். சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் யார் என்பதுதான் பதில். மகனுக்கு வேலை கிடைத்தவர் எழுந்து நிற்பார். கிடைக்காதவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். நிறைவேறாதவற்றை எண்ணும் பழக்கம் எந்தச் சபையிலும் இல்லை.

பன்யனின் சாவியை என் வாதத்துக்கு எதிராகவே திருப்பலாம். ஆனால் அவரது முழு அனுபவத்தையும் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. 1666-இல் வெளியான தன்வரலாற்றில் ஒற்றை வசனங்கள் தன்மேல் விழுந்து தன்னைப் படுத்திய பாட்டை அவர் விவரிக்கிறார். ஏசா கண்ணீரோடு தேடியும் மனம் மாறுதலைக் காணவில்லை என்ற எபிரெயர் 12:17 அவரை நெடுங்காலம் அரித்தது. ஒரு கட்டத்தில் அந்த வசனமும், கிருபை போதும் என்ற கொரிந்தியர் வசனமும் ஒரே நேரத்தில் மனதில் மோதினால் எது வெல்லும் என்று பார்க்க விரும்புகிறார். மோதின, கிருபை வென்றது. அதோடு விட்டுவிடவில்லை. தன்னைப் பயமுறுத்திய பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முன்னும் பின்னும் வாசித்து ஆராய்ந்த பிறகே அவற்றின் முகம் மாறிப்போயிற்று என்கிறார். எங்கிருந்தோ வந்து விழும் தனி வசனம் ஆறுதலாகவும் விழும், அடியாகவும் விழும். அது எதுவாக விழும் என்பது நம் கையில் இல்லை. அவர் மார்புக்குள் இருந்த சாவி இப்படிச் சண்டைபோட்டுச் சம்பாதித்தது.

மத்தேயு 4-ஆம் அதிகாரம் இதைவிடக் கூர்மையானது. ஆலயத்து உப்பரிகையில் சோதனைக்காரன் எடுத்து நீட்டுவது 91-ஆம் சங்கீதத்தின் வாக்குத்தத்தம்; இன்றைக்கும் நம் வீடுகளில் மிக அதிகமாகச் சொல்லப்படும் சங்கீதங்களில் ஒன்று. வனாந்தரத்தில் நடந்தது வசனம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நடந்த சண்டை அல்ல. இரண்டு பக்கமும் வசனம் இருந்தது. இயேசுவும் ஒற்றை வரிகளால்தானே பதில் சொன்னார் என்று ஒருவர் கேட்டால் நியாயமான கேள்வி. ஆனால் மூன்று பதில்களும் எடுக்கப்பட்ட இடத்தைப் பாருங்கள்: உபாகமம் 6, 8. நாற்பது வருஷம் பசியோடு நடந்த ஜனத்துக்கு அந்தப் பசியின் அர்த்தத்தைச் சொல்லும் பகுதி. நாற்பது நாள் பசித்தவர் தன் நிலைமைக்குப் பொருந்தும் பகுதிக்குள் நின்று பேசினார். சோதனைக்காரனின் வசனத்துக்கு அப்படி நிற்க இடமில்லை.

அன்றாடம் காட்டிலும் ஆபீஸிலும் கிடப்பவர்களுக்கு அதிகாரம் அதிகாரமாக வாசிக்க நேரம் ஏது என்பது கனமான ஆட்சேபம். ஆனால் இதே மண்ணின் வரலாறு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த திருநெல்வேலிச் சபைகளைக் கட்டியவர்கள் உபதேசியார்கள். மாலையில் கோயில் மணி அடிக்கும். ஜனங்கள் கூடிக் கேட்பார்கள், மனப்பாடம் செய்வார்கள். ஆங்கிலிக்கன் மிஷன்கள் கொண்டுவந்த பொது ஜெபப் புத்தகம் நூற்றைம்பது சங்கீதத்தையும் முப்பது நாளுக்குப் பங்கிட்டிருந்தது. அந்த முறைப்படி மாதந்தோறும் 17-ஆம் தேதி காலையில் 88-ஆம் சங்கீதம் வரும். பிடித்தாலும் வரும், பிடிக்காவிட்டாலும் வரும். புலம்புவதற்குத் தனி நாள் தேட வேண்டியதில்லை, தன் புலம்பல் மட்டும் வேதத்துக்கு வெளியே நிற்கிறது என்று யாரும் நினைக்க வேண்டியதுமில்லை. அந்த ஏற்பாட்டை நாம் பழம்பஞ்சாங்கம் என்று ஓரங்கட்டிவிட்டு அட்டைக்கு வந்தோம். மாற்றத்தில் லாபம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இதே மண்ணில், 1854 முதல் வட திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றிய மிஷனரி தாமஸ் ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். நான்கே ஆண்டு. எந்தப் புத்தாண்டு அட்டை அவருக்குப் பொருந்தியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1728-இல் மொராவிய சபைத் தலைவர் சின்சென்டார்ஃப் தொடங்கிவைத்த தினவசன முறை, 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகி இன்றுவரை நடக்கிறது. அங்கும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் எடுத்த வசனத்துக்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை ஆள் உட்கார்ந்து யோசித்துச் சேர்க்கிறார். அந்த நாளில் எல்லாருக்கும் அதே வசனம். யாரும் தன் சீட்டோடு தனியே வீட்டுக்குப் போவதில்லை. நம் சபைகளுக்கு இது எட்டாத காரியமல்ல. அட்டைகள் அச்சாகிற சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது. எந்த வசனம் அச்சேற வேண்டும் என்பதை அச்சகம் தீர்மானிப்பதில்லை, பட்டியல் கொடுக்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். அத்திமரம் துளிர்விடாமல் போவதையும் தொழுவத்தில் மாடு இல்லாததையும் வரிசையாகச் சொல்லிவிட்டு அதன்பின் மகிழ்ச்சியைப் பேசும் ஆபகூக் 3:17, 18 கரிசல் காட்டு விவசாயிக்கு எழுதியது போலவே இருக்கிறது, அதைச் சேர்க்கலாம். 13-ஆம் சங்கீதத்தைச் சேர்க்கலாம். புத்தாண்டு ராத்திரியில் இப்படியொரு வசனத்தை எடுத்தவர் கலங்கிப் போவாரே என்பார்கள். கலங்கலாம். அப்படியானால் 88-ஆம் சங்கீதத்தைத் தனிச் சீட்டாகக் கொடுக்காமல், ஹெர்ன்ஹூட்காரர்களைப் போல முழுச் சபைக்கும் கொடுத்து, ஐயர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் வாசிக்கட்டும்.