புஜினோ ஆசானும் நமது மாணவரும்

சீனப் பேரெழுத்தாளர் லூ சுன் 1926ஆம் ஆண்டில் எழுதிய ‘புஜினோ ஆசான்’ என்னும் கட்டுரையை, மாணவனொருவன் தன் ஆசிரியருக்குச் செலுத்திய நன்றிக்கடனெனப் படித்து முடித்துவிடுதல் எளிது. ஆயின் அந்நிய நாட்டில், அந்நிய மொழியில் வைத்தியம் கற்கப் புகுந்தவனின் நிலைபற்றி அதனினும் கூர்மையாகப் பேசும் எழுத்துகள் மிகச் சிலவே. இன்று நமது பிள்ளைகள் அந்தச் சீனத்துக்கே சென்று ஆங்கிலத்தில் வைத்தியம் கற்கின்றனர். ஆதலின் அக்கட்டுரை நமக்கு வேறொரு பொருள் தருகின்றது.

1902இல் யப்பான் சென்ற லூ சுன், தோக்கியோவில் ஈராண்டு யப்பானிய மொழியைப் பயின்ற பின்னரே 1904இல் செண்டாய் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். உடற்கூற்றியல் கற்பித்த புஜினோ, அவருடைய விரிவுரைக் குறிப்புகளை வாரந்தோறும் வாங்கிச் சிவப்பு மையால் திருத்தினார். விடுபட்ட செய்திகளைச் சேர்த்ததோடு அவர் நின்றாரல்லர். இலக்கணப் பிழைகளையுங் களைந்தார். இஃது ஊன்றி நோக்கத்தக்கது. சீனன் பரீட்சையிற் சித்தியெய்தினால் வினாக்கள் முன்கூட்டியே அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும் எனச் சக மாணவர் பழி கூறிய சூழல் அது. அங்கே ஓர் ஆசிரியர் தம் மொழியை ஒளிவுமறைவின்றி அந்நியனுக்கு ஈந்தார். இனச்செருக்குக்கு எதிரான செயலாகவே அம்மொழித் திருத்தத்தை நான் மதிக்கிறேன்.

நமது மாணவருக்குக் கிட்டுவது யாது? 2007ஆம் ஆண்டிலே சீனக் கல்வி அமைச்சு, அந்நிய மாணவருக்கு ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பிப்பதற்கான தரவிதிகளை வகுத்து, முதலில் முப்பது நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கியது. பின்னர் அத்தொகை நாற்பத்தைந்தாயிற்று. சீனத்து மாணவர் தம் தாய்மொழியிற் கற்க, அயலார் ஆங்கிலத்திற் கற்கின்றனர். முதலாண்டுகளில் இதனால் இடர்ப்பாடு தோன்றுவதில்லை. பிணம் எம்மொழியும் பேசுவதில்லையன்றோ! நோயாளியின் கட்டிலருகே செல்லும்போதுதான் இவ்வேற்பாட்டின் பொய்மை வெளிப்படுகின்றது. அங்கு கிடப்பவர் பொதுச் சீனமொழியைக்கூடத் தம் வட்டார வழக்கிற் பேசும் முதிய உழவர். அவர் கூறுவதை விளங்கிக்கொள்ளச் சீனமொழி வேண்டும். அதனை நான்காம் படி வரையேனும் கல்லாதவருக்குப் பட்டம் இல்லையென்று பீஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் 2022இல் தன் மாணவரை எச்சரித்தது. பாடத்துக்கு ஒரு மொழி, நோயாளிக்கு மற்றொரு மொழி. ஊர் திரும்பினால் மூன்றாவது மொழி.

அதே அறிவிப்பு ஒரு கணக்கையுந் தந்தது. சீனத்திற் கற்று 2015 முதல் 2021 வரை இந்தியத் தகுதித் தேர்வுக்குத் தோற்றியோர் 40,417 பேர்; சித்தியெய்தியோர் 6,387 பேர். இதனை மாணவரின் சோம்பலுக்குச் சான்றாக்குவோர் உளர். காணியை விற்றும் கடன்பட்டும் அனுப்பப்பட்ட பிள்ளைகளுட் பெரும்பாலாரைச் சோம்பேறிகள் என்பது விமர்சனமாகாது, வர்க்கத் திமிரே ஆகும். 2020 மார்ச் முதல் 2022 ஓகஸ்ட் வரை சீனத்தின் கதவுகள் அவர்களுக்கு மூடிக்கிடந்தன; அக்காலத்தில் நோயாளியின் முகத்தையே காணாது, வீட்டிலிருந்தபடி திரையில் வைத்தியம் கற்றோர் பலர். இலங்கை மாணவரும் அவருள் அடங்குவர். இவர்கள் திரும்பிவந்து, பதிவு பெறுதற்கென இங்கு மற்றுமொரு பரீட்சை எழுதல்வேண்டும்.

சீனத்தை மட்டுங் குறைகூறுதல் நேர்மையன்று. உயர்தர வகுப்பில் உயிரியலைத் தமிழிற் படித்த நமது மாணவன், உள்நாட்டு வைத்திய பீடத்திலும் ஆங்கிலத்திலேயே கற்கிறான். அக்கராயன் வயல்களில் உழைத்து முதிர்ந்த ஒருத்தி ‘நாரி உளையுது’, ‘நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைக்குது’ என்பாள். உளைவும் வலியும் குத்தும் அவளுக்கு வெவ்வேறானவை. எந்தப் பாடநூல் அவ்வேறுபாட்டைக் கற்பிக்கின்றது?

ஒருகாலத்தில் நம்மிடையே அதற்கான முயற்சி நிகழ்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தாமே தமிழ் கற்றார்; 1864 முதல் மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. மதம் பரப்பும் நோக்கம் அவருக்கிருந்தமை உண்மையே. அந்நடையிலுள்ள வடமொழிப் பாரமும் இன்றைய வாசகனை இடறச் செய்யும். எனினும் நோயாளியின் மொழியை வைத்தியத்தின் மொழியாக்கினார். புஜினோ மாணவனைத் தம் மொழிக்குள் அழைத்துச் சென்றார். கிறீனோ மாணவனின் மொழிக்குள் தாமே வந்தார். இருவழியும் உழைப்பை வேண்டுவன. ஆங்கிலவழி என்னும் இன்றைய ஏற்பாடு அவ்விருவகை உழைப்பையுந் தவிர்த்துக் கட்டணத்தை மட்டும் பெற்றுக்கொள்கிறது.

லூ சுன் 1906இல் வைத்தியத்தைக் கைவிட்டு இலக்கியத்துக்கு வந்தார் என்பது யாவரும் அறிந்தது. திருத்தப்பட்ட குறிப்பேடுகள் இடமாற்றத்திலே தொலைந்தனவென்று அவர் அக்கட்டுரையில் வருந்தியிருக்கிறார். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளின் பின், 1951இல், அவை அவரது சொந்த ஊராகிய ஷாவோசிங்கிற் கண்டெடுக்கப்பட்டன. இன்று பீஜிங் லூ சுன் நூதனசாலையிற் பேணப்பட்டுவரும் அவ்வேடுகளில் புஜினோவின் சிவப்பு மை இன்னமும் இருக்கின்றது.